கடைத்தீனியை விட்டு வீட்டுச் சாப்பாட்டுக்கு: செட்டிநாட்டு வீடுகளில் இருந்து வரும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்துப் பள்ளிகளில் பெற்றோரிடம் உணவைப் பற்றிப் பேசுவது என் வேலையின் ஒரு பகுதி. ஊர் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன். சில பதில்கள் நீளம், சில ஒரே பத்தி. எதற்கு நீளம் தேவையோ அதற்குத்தான் கொடுத்திருக்கிறேன்.

கடைத்தீனின்னு எதைச் சொல்றீங்க? நம்ம தேன்குழலும் சீப்புச் சீடையும்கூட அதுல சேருமா?

இதைக் கேட்பவர் பெரும்பாலும் ஒரு ஆச்சியாக இருப்பார். "சேராது" என்று நான் சொல்லவேண்டும் என்ற எதிர்பார்ப்பு முகத்திலேயே தெரியும். நேராகவே சொல்லிவிடுகிறேன்: சேரும்.

சத்துக் கணக்கில் பார்த்தால் தேன்குழலும் மணகோலமும் எண்ணெயில் பொரித்த மாவுதான். கந்தரப்பத்தில் வெல்லமும் எண்ணெயும் இருக்கின்றன. கல்கண்டு வடையில் உளுந்து இருக்கிறது, வாஸ்தவம். கல்கண்டும் இருக்கிறது, எண்ணெயும் இருக்கிறது. அப்பத்தா கையால் சுட்டது என்பதற்காக எண்ணெய் குறைந்துவிடாது.

ஆனால் அந்தக் காலத்தில் இவை தினமும் வாயில் போகவில்லை. கல்யாணம், தீபாவளி, பிள்ளையார் நோன்பு என்று ஒரு காரணம் வேண்டும். மாவு இடித்து, சலித்து, வறுத்து, நாலைந்து பேர் வீட்டின் உள்முற்றமான இரண்டாங்கட்டில் அடுப்பு மூட்டி உட்கார்ந்தால்தான் டின் நிறையும். அந்தப் பாடுதான் அளவைக் கட்டுக்குள் வைத்திருந்தது. இன்றைக்கு வருஷம் முழுக்க எந்தப் பலகாரக் கடையிலும் கிலோக் கணக்கில் கிடைக்கிறது. கூரியரில் சிங்கப்பூருக்கும் போகிறது. பாடு போய்விட்டது, பலகாரம் மட்டும் நிற்கிறது. விசேஷத்துக்கு ஒரு தேன்குழல் சாப்பிட்டு யாரும் கெட்டுப்போனதில்லை. தினமும் நாலு மணிக்கு டின்னைத் திறப்பதுதான் பிரச்சினை.

பாக்கெட் சிப்ஸ், கிரீம் பிஸ்கட், நூடுல்ஸ், பஃப்ஸ், பாட்டில் குளிர்பானம் ஆகியவற்றின் கதை இன்னும் மோசம். மைதாவோ உருளையோ அடிப்படை, அதன்மேல் பாமாயில், உப்பு, சர்க்கரை. நார்ச்சத்தும் புரதமும் பேருக்குத்தான். எவ்வளவு தின்றாலும் வயிறு நிறைந்த உணர்வே வராது. ஆறு மணிக்கு மறுபடியும் பசிக்கும், இல்லாவிட்டால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பசியே இருக்காது.

எல்லாத்தையும் ஒரே நாள்ல நிறுத்திடலாமா?

வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை டப்பாவையெல்லாம் காலி செய்துவிட்டு, புதன்கிழமை பிள்ளையின் அழுகைக்குப் பயந்து இரண்டு பாக்கெட் கூடுதலாக வாங்கி வந்த வீடுகள் நிறைய.

ஒரு வேளையைப் பிடியுங்கள். என் அனுபவத்தில் அந்த வேளை சாயங்காலம் நாலு மணி. காலையில் இட்லி, மத்தியானம் சோறு குழம்பு, ராத்திரி தோசையோ இடியாப்பமோ என்று மற்ற மூன்று வேளையும் பெரும்பாலான வீடுகளில் ஓரளவு சரியாகவே இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததற்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நடுவே கிடக்கும் அந்த நாலு மணி நேரத்தில்தான் கடைத்தீனி வீட்டுக்குள் நுழைகிறது. பெரியவர்களுக்கும் அப்படித்தான். ஆபீஸ் முடிந்து வருகிற வழியில் வடையும் பஜ்ஜியும் காபியும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வேளைக்கென்றே நம் வீடுகளில் இடைப்பலகாரம் என்று ஒரு ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது. சாயங்காலம் ஏதாவது ஒன்று சுடச்சுட அடுப்பிலிருந்து இறங்கும். அந்த இடம் காலியானதும் பாக்கெட் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த ஒரு இடத்தை நிரப்பிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சரி, நாலு மணிக்கு என்னதான் கொடுக்கறது?

இதற்குத்தான் நீளமான பதில்.

முதலில் குழிப்பணியாரம். ஒரு டம்ளர் பச்சரிசி, ஒரு டம்ளர் புழுங்கலரிசி, அரை டம்ளர் உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். ஊறவைத்து அரைத்து ஒரு ராத்திரி புளிக்க விட்டால் மாவு தயார். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, தேங்காய்ச் சில்லு தாளித்துக் கொட்டிக் கலந்து ஊற்றவேண்டியதுதான். ஒரு குழிக்கு நாலைந்து சொட்டு நல்லெண்ணெய் போதும். வெள்ளைப் பணியாரத்துக்கும் கிட்டத்தட்ட இதே சரக்குதான், பச்சரிசியும் உளுந்தும். ஆனால் அது எண்ணெயில் மிதந்து வேகும். அதனால் வெள்ளைப் பணியாரம் விருந்தாளி வந்தால், குழிப்பணியாரம் தினப்படிக்கு என்று வைத்துக்கொள்ளலாம். மாவில் துருவிய கேரட், பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரை எதைச் சேர்த்தாலும் குழிக்குள் போனபின் பிள்ளைகள் கேள்வி கேட்பதில்லை. அரிசியில் ஒரு பங்கைக் குறைத்துக் கேப்பை (கேழ்வரகு) மாவு கலந்தால் இன்னும் நல்லது. 100 கிராம் கேப்பையில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அதே அளவு பாலில் இருப்பது சுமார் 120.

தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னிதான் வேண்டும் என்று கட்டாயமில்லை. கத்தரிக்காயை வேகவைத்து மசித்த கோசமல்லி செய்தால் ஒரு காய்கறியும் கணக்கில் சேர்ந்துவிடும்.

அடுத்தது கும்மாயம். ஆடி மாதத்துக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம், காரணம் எனக்குப் புரிவதில்லை. உளுந்து ஒரு டம்ளர், பச்சரிசியும் பாசிப்பருப்பும் கால் கால் டம்ளர். தனித்தனியாக வாசம் வர வறுத்து, மிஷினில் திரித்து டப்பாவில் போட்டுவிட்டால் ஒரு மாதத்துக்குக் கவலையில்லை. அளவு வீட்டுக்கு வீடு மாறும், சண்டை வேண்டாம். பழைய முறையில் நெய் கை முட்டும் அளவுக்கு ஊற்றுவார்கள், இனிப்பும் மாவுக்குச் சமமாக, சில வீடுகளில் அதற்கும் மேலே. தினப்படிக்கு அப்படி வேண்டாம். அரை டம்ளர் மாவை இரண்டு டீஸ்பூன் நெய்யில் பிரட்டி, கால் டம்ளர் தட்டிய கருப்பட்டியை ஒன்றரை டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஊற்றிக் கிளறுங்கள். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். உளுந்தும் பாசிப்பருப்பும் சேர்ந்திருப்பதால் புரதம் கணிசமாகக் கிடைக்கும். வயிறும் ஏழரை மணிவரை தாங்கும். ஆனாலும் இனிப்பு இனிப்புதான். வாரத்தில் ஒருநாள் போதும்.

மற்ற நாட்களுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. உப்புப் போட்டு அவித்த நிலக்கடலை, தட்டைப்பயறு அல்லது கொண்டைக்கடலைச் சுண்டல், அவித்த முட்டை, கொய்யா, வாழைப்பழம். தை மாதமானால் பனங்கிழங்கு, வெயில் காலத்தில் நுங்கு. நிலக்கடலையில் எடையில் கால் பங்கு புரதம். நம் செம்மண்ணில் விளைகிறது, விலையும் கட்டுப்படி. ஒரு எச்சரிக்கை: ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழுக் கடலையைக் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். இடித்தோ அரைத்தோ கொடுங்கள்.

நான் வேலைக்குப் போறேன். நாலு மணிக்கு யாரு அடுப்புல நிக்கறது?

நியாயமான கேள்வி. "அந்தக் காலத்தில் பெண்கள் எல்லாம் செய்தார்கள்" என்று பதில் சொல்பவர்கள் அந்தக் காலத்தில் வீட்டில் எத்தனை கைகள் இருந்தன என்பதை மறந்துவிடுகிறார்கள். பெரிய வீட்டில் மாமியார், ஓர்ப்படி, சமையலுக்கு ஆள் என்று ஐந்தாறு பேர் இருந்தார்கள்.

காலையில் தோசைக்குக் கல் காயும்போதே பக்கத்து அடுப்பில் சுண்டலோ கடலையோ குக்கரில் போய்விட வேண்டும். சாயங்காலம் தாளிப்பது மட்டும் மிச்சம், அதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையே செய்யலாம். ஆணா பெண்ணா என்பதெல்லாம் கடுகுக்குத் தெரியாது. அதுவும் முடியாத நாளில் இரண்டு வாழைப்பழமும் ஒரு கைப்பிடி வறுகடலையும். அது தோல்வி இல்லை, நல்ல இடைப்பலகாரம்தான்.

பாலோட ரெண்டு பிஸ்கட்தானே? அதுவும் மல்டிகிரெயின் பாத்துத்தான் வாங்கறேன்.

பாக்கெட்டின் முன்பக்கத்தைப் பார்த்து வாங்கியிருப்பீர்கள். திருப்புங்கள். பொடி எழுத்தில் சேர்மானப் பட்டியல் இருக்கும். எது எடையில் அதிகமோ அதை முதலில் போடவேண்டும் என்பது சட்டம். முதலில் "ரிஃபைன்ட் வீட் ஃப்ளோர்" என்று இருந்தால் அது மைதா. இரண்டாவதும் மூன்றாவதும் சர்க்கரையும் பாமாயிலுமாக இருக்கும். ஓட்ஸும் கேப்பையும் எங்கே என்று தேடினால் பட்டியலின் கடைசியில் நாலைந்து சதவீதத்தில் நிற்கும்.

சர்க்கரை வேறு பெயர்களிலும் வரும். இன்வர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் எல்லாம் அதே ஜாதிதான். இன்னொரு தந்திரமும் உண்டு. சத்துக் கணக்கை "ஒரு பரிமாறலுக்கு" என்று போட்டிருப்பார்கள். அந்தப் பரிமாறல் என்பது இரண்டு பிஸ்கட். நம் வீட்டில் யார் இரண்டோடு நிறுத்துகிறார்கள்? 100 கிராமுக்கு என்ன என்ற பத்தியைப் பாருங்கள்.

ஒப்பிடுவதற்கு ஒரு அளவு: ஒருநாளைக்கு ஒருவருக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது சோடியம் 2000 மில்லிகிராமுக்குள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. கூடுதலாகச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது. இந்தக் கணக்கோடு ஒரு நூடுல்ஸ் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். 250 மில்லி குளிர்பானத்தையும் பாருங்கள், சர்க்கரை 25 கிராமைத் தாண்டியிருக்கும். ஐந்து டீஸ்பூனுக்கு மேல். அந்தப் பாட்டிலோடு அன்றைய கணக்கு முடிந்தது.

பால்ல கலக்கற ஹெல்த் டிரிங்க் பவுடர்?

இந்தியாவின் 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் "ஹெல்த் டிரிங்க்" என்று ஒன்று வரையறுக்கப்படவே இல்லை. அதைக் காரணம் காட்டித்தான் 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இப்படிப்பட்ட பானங்களை அந்தத் தலைப்பின்கீழ் விற்கவேண்டாம் என்று ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது. டப்பாவைத் திருப்பினால் சர்க்கரை எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். வெறும் பால் போதும். பிள்ளை குடிக்கமாட்டேன் என்றால் மஞ்சள்தூள், மிளகு, கொஞ்சம் பனங்கற்கண்டு. அதுவும் வேண்டாமென்றால் தயிராகக் கொடுங்கள், சண்டை மிச்சம்.

கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை போட்டா நல்லதுதானே?

வெள்ளைச் சர்க்கரையில் இல்லாத தாதுக்கள் கொஞ்சம் இருக்கின்றன, வாசனை அருமை. ஆனால் ரத்தத்தில் ஏறும்போது அதுவும் சர்க்கரைதான். "கருப்பட்டிக் காபிதானே" என்று நாளைக்கு நாலு டம்ளர் குடிக்கும் ஐயாக்கள் கவனிக்க.

கவுனி அரிசி சூப்பர் ஃபுட்டுங்கறாங்களே?

பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்குப் போன நம் முன்னோர் கொண்டுவந்த அரிசி. இன்றைக்குக் கடைகளில் விலையைப் பார்த்தால் கப்பலில் வந்த செலவையும் சேர்த்துப் போட்டதுபோல இருக்கிறது. தவிடு நீக்காத அரிசி, நார்ச்சத்து உண்டு. அந்தக் கறுப்பு நிறத்துக்குக் காரணம் ஆந்தோசயனின், நாவல்பழத்தின் ஊதா நிறத்துக்கும் அதுதான் காரணம். நல்ல அரிசி, மறுப்பில்லை.

ஆனால் கல்யாணப் பந்தியில் இலையில் விழும் கவுனி அரிசி, சர்க்கரையும் நெய்யும் தேங்காயும் சேர்ந்த இனிப்பு. அதைச் சூப்பர் ஃபுட் என்று கணக்கெழுதினால் மைசூர்பாகையும் பருப்பு வகையில் சேர்க்கவேண்டி வரும். சத்துக்காகச் சாப்பிடுவதானால் ராத்திரியே ஊறப்போட்டு, ஊறிய தண்ணீரோடு குக்கரில் நன்றாகக் குழைய வேகவைத்து, உப்பும் மோரும் கலந்து கஞ்சியாகக் குடியுங்கள். சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டால் போதும்.

ராத்திரி பரோட்டாவை விடவே முடியல. மைதாவுல விஷம் இருக்குன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு, உண்மையா?

மாவை வெளுக்கும்போது அலாக்சான் என்ற ரசாயனம் சேர்கிறது, எலிக்கு அதைக் கொடுத்துத்தான் சர்க்கரை நோய் வரவைக்கிறார்கள் என்று சுற்றும் செய்தி. ஆய்வுக்கூடத்தில் எலிக்கு அலாக்சானை ஊசியாகப் போடுவது உண்மை. அதை வைத்துப் பரோட்டா தின்றவர்களுக்கு அந்த வழியில் நோய் வருகிறது என்று சொல்ல ஆதாரம் கிடையாது. அந்தப் பயமுறுத்தலை ஒதுக்கிவிடுங்கள்.

பரோட்டாவைக் குறைக்க அதில்லாமலே காரணம் போதுமான அளவுக்கு இருக்கிறது. தவிடும் முளையும் போன மாவு, வீச்சுக்கு வீச்சு எண்ணெய், மேலே மிதக்கும் சால்னா, அதுவும் படுக்கப்போகும் நேரத்தில். வாரத்துக்கு மூன்று என்றிருந்தால் ஒன்றாக்குங்கள். அந்த ஒருநாளை ரசித்துச் சாப்பிடுங்கள். ஒரு முட்டையும் வெங்காயப் பச்சடியும் வாங்கிக்கொண்டு, மூன்றாவது பரோட்டாவை விட்டுவிடுங்கள். வாழ்நாள் முழுக்கத் தொடமாட்டேன் என்று சபதம் எடுப்பவர்களை நான் அதிகம் நம்புவதில்லை.

எண்ணெய் எவ்வளவு, எந்த எண்ணெய்? செட்டிநாட்டுச் சமையல்னாலே எண்ணெய்தானே?

ஹோட்டல் பெயர்ப்பலகைகள் கிளப்பிவிட்ட கதை அது. சிவப்பாக, எண்ணெய் பிரிந்து, நாக்கு எரிய வருவது கடைச் செட்டிநாடு. வீட்டில் வைக்கும் தண்ணிக்குழம்பையும் மண்டியையும் கூட்டையும் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். மண்டிக்கு அரிசி களைந்த தண்ணீர்தான் அடிப்படை. வெண்டைக்காய், பலாக்கொட்டை, மொச்சை, புளி எல்லாம் அதில்தான் வேகும். தாளிப்புக்குமேல் எண்ணெய்க்கு அங்கே வேலையில்லை.

அளவுக்கு வருவோம். 2024-ல் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து நாளைக்கு 27 கிராம் என்று இருக்கிறது. நாலு பேர் உள்ள வீட்டுக்குப் பெருக்கினால் மாதம் மூன்று, மூன்றரை லிட்டர். உங்கள் வீட்டு ஐந்து லிட்டர் டின் இருபதாம் தேதிக்கே தீர்ந்துவிடுகிறதா என்று பாருங்கள். அதைவிட எளிய கணக்கு எனக்குத் தெரியாது.

எந்த எண்ணெய் என்பதற்கு: நல்லெண்ணெய், கடலை எண்ணெய் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். செக்கு எண்ணெய் மணமாக இருக்கும், ஆனால் "செக்கு" என்பது கூடுதலாக ஊற்றுவதற்கான அனுமதிச் சீட்டு இல்லை. பலகாரம் சுட்ட எண்ணெயை மறுபடி மறுபடி காயவைக்காதீர்கள். பொரித்த எண்ணெய் கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்க மொத்தத் துருவச் சேர்மங்கள் என்று ஒரு அளவு உண்டு. அது 25 சதவீதத்தைத் தாண்டினால் கடைக்காரர் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக்கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து விதி. வீட்டில் அளக்கக் கருவி கிடையாது. நிறம் கறுத்து, கொழகொழப்பாகி, சீக்கிரமே புகைந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

பிள்ளை காய்கறியே தொடமாட்டேங்குது.

ஒருநாள் துப்பியதும் "அவனுக்குப் பாகற்காய் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். புதிய ருசிக்குப் பிள்ளையின் நாக்குப் பழகப் பத்துப் பதினைந்து தடவைகூட ஆகலாம். ஒவ்வொரு தடவையும் ஒரு டீஸ்பூன் போதும். தின்றால்தான் டிவி என்ற பேரம் வேண்டாம். தின்னாவிட்டாலும் தட்டில் இருக்கட்டும், நீங்கள் தின்பதைப் பார்க்கட்டும்.

ருசியும் முக்கியம். வேகவைத்துத் தண்ணீரை வடித்த பீன்ஸ் எனக்கும் பிடிக்காது. கீரையைத் தனியாக வைத்தால் ஒதுக்கும் பிள்ளை, தேங்காய்ப்பால் ஊற்றிய கீரை மண்டியைச் சோற்றில் பிசைந்தால் சாப்பிடும். எண்ணெய்க்குச் சொன்ன அதே தேசிய ஊட்டச்சத்து நிறுவன வழிகாட்டியில் ஒருநாளைக்குக் காய்கறியும் கீரையும் சேர்ந்து 400 கிராம், பழம் 100 கிராம் என்று இருக்கிறது. பெரியவர் அளவு அது. ஆனால் நாம் வைக்கும் இரண்டு கரண்டிப் பொரியல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம்.

நாங்க எவ்வளவு கட்டுப்படுத்தினாலும் ஐயாவும் ஆயாவும் வாங்கிக் குடுத்துடறாங்க. என்ன பண்றது?

இந்தக் கேள்வி மட்டும் எல்லோர் முன்னாலும் வராது. கூட்டம் முடிந்தபின் படியிறங்கும்போது மெதுவாக வரும்.

ஐயா, ஆயா என்று நாங்கள் சொல்லும் தாத்தா பாட்டிக்குப் பேரன் முகம் மலர்வதைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். பத்து ரூபாய்ப் பாக்கெட் அதற்குச் சுலபமான வழி. "வாங்காதீர்கள்" என்று மட்டும் சொன்னால் மனத்தாங்கல்தான் மிஞ்சும். அந்த இடத்தில் அவர்களுக்கு வேறொரு வேலை வேண்டும். காரைக்குடி கல்லுக்கட்டிக் கடைத்தெருவில் காய் வாங்கப் போகும்போது பேரனைக் கூட்டிப்போய் கொய்யாவோ சீத்தாப்பழமோ அவனையே பொறுக்கச் சொல்லலாம். "ஆயா, உங்க கைப்பக்குவத்துல கும்மாயம் கிண்டிக் குடுங்க, எனக்கு அந்தப் பதம் வரமாட்டேங்குது" என்று மருமகள் கேட்டால் எந்த ஆயாவும் மறுப்பதில்லை. அது முகஸ்துதியும் இல்லை, உண்மையிலேயே வராது.

இன்னொன்று, பிள்ளைகளுக்கு மட்டும் சட்டம் போட்டுவிட்டு அப்பா ராத்திரி பத்து மணிக்கு மிக்ஸர் டப்பாவைத் திறக்கும் வீட்டில் ஆயாவைக் குறைசொல்ல முடியாது.

ஸ்கூல் கேண்டீன்ல விக்கிறாங்களே?

கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் அதிகமுள்ள தீனிகளைப் பள்ளி வளாகத்துக்குள்ளும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிமுறை சொல்கிறது. நடைமுறை எப்படி என்பது எந்தப் பள்ளி வாசலிலும் நின்று பார்த்தால் தெரியும். பெற்றோர் நாலு பேர் சேர்ந்து விதிமுறையைச் சொல்லிக் கேட்டால் நிர்வாகம் காதுகொடுக்கும்; தனியாள் கேட்டால் "பார்க்கிறோம்" என்பார்கள். கலர் தீனி விஷயத்தில் கண்டிப்பாகவே இருங்கள். ஜவுளிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் பஞ்சுமிட்டாயில் இருந்ததைக் கண்டுபிடித்துத்தான் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதற்குத் தடை போட்டது.

நல்ல சாப்பாடுன்னா செலவு ஜாஸ்தியாமே. குயினோவா, ஓட்ஸ், சியா விதை எல்லாம் வாங்கணுமா?

ஒன்றும் வேண்டாம். கேப்பை, நிலக்கடலை, பாசிப்பயறு, முட்டை, கொல்லையில் முருங்கை. இவற்றை மிஞ்சி அந்த இறக்குமதிச் சரக்கில் பெரிதாக எதுவும் இல்லை. ஒரு மாதம் கடைத்தீனிக்கும் குளிர்பானத்துக்கும் போகிற காசைத் தனியாக எழுதிப் பாருங்கள். எழுதிய வீடுகளில் அடுத்த மாதம் பேச்சே மாறிவிடுகிறது.

வீட்ல ஐயாவுக்குச் சர்க்கரை இருக்கு. அவருக்குத் தனிச் சமையலா?

தேவையில்லை. அவருக்கு நல்லது மற்றவர்களுக்கும் நல்லதுதான். காயும் பருப்பும் எல்லோருக்கும் ஒன்றே, சோற்றின் அளவும் இனிப்பும் மட்டும் மாறும். ஆனால் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென்று சோற்றைப் பாதியாக்கினால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

சாப்பாட்டோட காபி, டீ?

சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் வேண்டாம். உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை அது தடுக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. முருங்கைக்கீரை சாப்பிட்ட கையோடு டிகிரி காபி குடித்தால் கீரை சமைத்த பாடு பாதி வீண்.

எத்தனை நாள்ல மாற்றம் தெரியும்?

முதல் வாரம் முணுமுணுப்புதான் தெரியும். உப்பும் காரமும் குறைந்த ருசிக்கு நாக்குப் பழகச் சில வாரங்கள் ஆகும். அதன்பிறகு பழைய சிப்ஸையே தின்றால் "என்ன இவ்வளவு உப்பு" என்று பிள்ளைகளே கேட்பார்கள். மலச்சிக்கல் அதற்கு முன்பே சரியாகத் தொடங்கும். தண்ணீரையும் சேர்த்துக் குடிக்கவேண்டும். எடையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், வளரும் பிள்ளைகளைத் தினமும் தராசில் ஏற்றுவது நல்லதில்லை.

பணியாரச் சட்டியில ஒட்டிக்குது, பாதி மாவு சட்டியிலயே போயிடுது. என்ன செய்ய?

ஆரம்பித்த வீடுகளில் இருந்து அதிகம் வரும் கேள்வி இதுதான். புது இரும்புச் சட்டியானால் சோறு வடித்த கஞ்சியை ஊற்றி இரண்டு மூன்று நாள் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு ஒவ்வொரு குழியிலும் நல்லெண்ணெய் தடவி, சிறு தீயில் காயவைத்து, வெங்காயத்தைப் பாதியாக வெட்டி அந்த முகத்தால் குழிகளைத் தேயுங்கள். முதல் ஈடு எப்படியும் வீண்தான். பழகிய சட்டியில் ஒட்டினால் சோப்பு போட்டுக் கழுவியிருப்பீர்கள், இல்லையென்றால் சட்டி காயும் முன்பே ஊற்றியிருப்பீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுரீரென்று ஓடவேண்டும், அப்போதுதான் மாவு. குழியில் முக்கால் அளவுக்கு ஊற்றி மூடி வையுங்கள். ஓரம் சிவந்து தானாக விடும்போதுதான் கம்பியால் திருப்பவேண்டும். அவசரப்பட்டுக் குத்தினால் பிய்ந்துதான் வரும். அதற்கும் ஒட்டினால் மாவில் தண்ணீர் கூடிப்போயிருக்கிறது, ஒரு கரண்டி அரிசி மாவைக் கலந்து பாருங்கள்.